கட்டியை அகற்றினால் புற்று பரவுமா? – ஃபோக்மன் கொள்கை பற்றி ஒரு திறனாய்வு

“கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்” என்று அஞ்சி, அறுவை மருத்துவத்தைத் தள்ளிப் போடுவோர் நம்மிடையே உண்டு. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய அச்சமன்று. அமெரிக்காவில் நுரையீரல் நோய்ச் சிகிச்சைக்கு வந்த நோயாளர்களிடம் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 38 பேர் அறுவையின்போது காற்றுப் பட்டால் கட்டி பரவும் என்று நம்பியது தெரிய வந்தது. மருத்துவர்கள் இதை வெறும் மூடநம்பிக்கை என்றே ஒதுக்கி வந்தனர். ஆயின் 1994இல் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, முதற்பார்வையில் இந்த அச்சத்திற்குத் துணை நிற்பது போலவே தோன்றியது.

அக்கட்டுரையின் சாரம் இது: உடலில் முதன்முதலில் தோன்றிய புற்றுக்கட்டி இருக்கும்வரை, இரத்தத்தில் ஒரு தடைப்பொருள் உலவுகிறது. வேறு உறுப்புகளில் போய் விழுந்து கிடக்கும் அக்கட்டியின் கிளைகளை அப்பொருள் வளரவொட்டாமல் அடக்கி வைக்கிறது. முதற்கட்டியை அகற்றிவிட்டால் தடை நீங்குகிறது, கிளைகள் வளர்கின்றன. இக்கொள்கையை முன்வைத்தவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் (1933–2008). உடன் உழைத்தவர் மைக்கேல் ஓ’ரெய்லி. முப்பது ஆண்டுகள் கடந்துவிட்ட இன்று, இக்கொள்கையில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று எடைபோட்டுப் பார்க்கலாம். அறுவைக்கு இசைவதா, மறுப்பதா என்று தயங்கி நிற்கும் ஒரு குடும்பத்திற்கு இது ஏட்டளவு வினா அன்று.

விதையும் நிலமும்

புற்றுநோயால் இறப்போரில் பெரும்பாலோர் முதற்கட்டியால் இறப்பதில்லை. அது கிளைத்துப் பரவுவதாலேயே இறக்கின்றனர். முதற்கட்டியிலிருந்து பிரியும் உயிரணுக்கள் இரத்தக் குழாய்க்குள் நுழைந்து, ஓட்டத்தோடு சென்று, ஏதேனும் ஓர் உறுப்பின் தந்துகிகளில் தங்கி, வெளியேறி, அங்கே புதிய கட்டியாக வளர்கின்றன. இதனைக் கிளைக்கட்டி என்போம்.

அப்படியானால் இரத்தம் சென்று பாயும் இடமெல்லாம் கிளைக்கட்டி தோன்ற வேண்டுமல்லவா? தோன்றுவதில்லை. இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி 1889இல் வெளியிட்டார். கல்லீரலில் கிளைக்கட்டிகள் மிகுதியாக இருந்தன. மண்ணீரலில் மிகக் குறைவாகவே இருந்தன. விதை எங்கும் விழுகிறது, ஏற்ற நிலத்தில்தான் முளைக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம்.

விதைகளில் எத்தனை முளைக்கின்றன? 1970இல் ஐசாயா ஃபிட்லர், கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட புற்று உயிரணுக்களை எலியின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழிவதற்குள் பெரும்பாலானவை மடிந்துபோயின. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே பிழைத்துக் கிளைக்கட்டியாக வளர்ந்தன. எனவே இரத்தம் புற்று பயணம் செய்யும் பாதை மட்டுமன்று. அந்தப் பயணத்தின் முடிவைத் தீர்மானிக்கும் பொருள்களும் அதில் கலந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இங்கேதான் ஃபோக்மன் வருகிறார்.

இரத்தமின்றி வளர்ச்சியில்லை

1971இல் ஃபோக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்தப் புற்றுக்கட்டியும் 1 அல்லது 2 மி.மீ. அளவு வரையில்தான் சுற்றுப்புறத்திலிருந்து ஊறிவரும் உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு பிழைக்க முடியும். அதற்குமேல் வளர வேண்டுமாயின் புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் புக வேண்டும். கட்டியே ஒரு பொருளை வெளியிட்டு அக்குழாய்களைத் தன்பால் இழுக்கிறது. இந்த வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டால் கட்டி வளராது நின்றுவிடும்.

அந்நாளில் பலர் இதை நம்பவில்லை. கட்டியைச் சுற்றிக் காணப்படும் குழாய்கள் அழற்சியின் விளைவே என்று கருதினர். ஆயின் இழுக்கும் பொருள்கள் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஹெரால்டு துவோராக் குழுவினர் 1983இல் கண்ட புரதமும், நெப்போலியோன் ஃபெராரா 1989இல் பிரித்தெடுத்த ‘இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி’யும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஃபோக்மன் கொள்கையின் இந்த முதற்பகுதி உறுதியாக நின்றுவிட்டது. இதில் இன்று ஐயத்திற்கு இடமில்லை.

நுனி கிள்ளிய செடி

நாம் எடைபோட வந்தது இரண்டாம் பகுதி. அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு பழைய புதிர். முதற்கட்டியை அகற்றிய சில நோயாளர்களிடம் சின்னாட்களில் வேறிடங்களில் கிளைக்கட்டிகள் விரைந்து வளர்வதை அறுவை மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஆய்வுக்கூடத்திலும் இதையொத்த ஒன்று தெரிந்திருந்தது. ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் எலியின் உடலில் இரண்டாவதாக ஒரு கட்டியைப் பதித்தால் அது வளர மறுக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிஷ் 1906இலேயே எழுதினார். முதற்கட்டி உடலிலுள்ள இன்றியமையாத உணவுப் பொருளைத் தானே உண்டு தீர்த்துவிடுவதால் இரண்டாவது பட்டினி கிடக்கிறது என்பது அவர் கருத்து.

செடி வளர்ப்போர் இதைப் போன்ற ஒன்றை அறிவர். செண்டுமல்லிச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால், அதுவரை அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் கிளைவிடும். நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்னும் பொருள் பக்க மொட்டுகளை அடக்குவதாக நம் பாடநூல்கள் கூறுகின்றன. முதற்கட்டி நுனி மொட்டைப் போன்றது, கிளைக்கட்டிகள் பக்க மொட்டுகளைப் போன்றவை என்று வைத்துக்கொண்டால் ஃபோக்மன் கொள்கை எளிதில் விளங்கும். இந்த உவமையை நினைவில் வையுங்கள். இதனிடம் மீண்டும் வருவோம்.

சோதனையின் அழகு

ஃபோக்மனின் ஆய்வு நெறி பாராட்டுக்குரியது. கட்டி, குழாய்களை இழுக்கும் பொருளை மட்டுமன்றித் தடுக்கும் பொருளையும் தோற்றுவிக்கிறது என்று அவர் ஊகித்தார். இழுக்கும் பொருள் இரத்தத்தில் விரைவில் அழிந்துவிடும். ஆதலின் கட்டியின் அருகில்தான் அதன் ஆட்சி. தடுக்கும் பொருள் நெடுநேரம் அழியாது உலவும். ஆதலின் தொலைவிலுள்ள கிளைகளில் அதன் கை ஓங்கும். ஒரே கட்டி தான் வளர்ந்துகொண்டே தன் கிளைகளை எப்படி அடக்குகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

ஊகத்தோடு நில்லாமல் அவரும் ஓ’ரெய்லியும் சோதித்தனர். லூயிஸ் நுரையீரல் புற்று என்னும் எலிக் கட்டியில் ஒரு வகையைத் தேர்ந்தனர். முதற்கட்டி இருந்த எலிகளின் நுரையீரலில் கிளைகள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகவே இருந்தன. கட்டியை அகற்றிய எலிகளில் சில நாட்களில் கிளைகளுக்குள் இரத்தக் குழாய்கள் புகுந்தன. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நுரையீரல் முழுவதும் கட்டிகள் மண்டின. பின்னர், கட்டியுள்ள எலிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் தேடி, ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஆஞ்சியோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். இரத்தம் உறைதலோடு தொடர்புடைய பிளாஸ்மினோஜன் என்னும் பெரிய புரதத்தின் ஒரு துண்டே அது. இறுதியாக, கட்டி அகற்றப்பட்ட எலிகளுக்கு அப்புரதத்தை ஊசி வழியே கொடுத்தனர். கிளைகள் மீண்டும் அடங்கின.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டியது சோதனையின் ஒழுங்கு. காரணம் எனக் கருதும் பொருளை நீக்கினால் விளைவு மறைய வேண்டும். திருப்பிக் கொடுத்தால் விளைவு மீள வேண்டும். ஹார்மோன் ஆராய்ச்சியின் பழைய நெறி இது. 1997இல் இதே முறையில் எண்டோஸ்டாட்டின் என்னும் இரண்டாவது தடைப்பொருளையும் அவர்கள் கண்டனர். இது 18ஆம் வகைக் கொலாஜன் புரதத்தின் ஒரு துண்டு. இதை எலிகளுக்குக் கொடுத்து, கட்டி சுருங்கியதும் நிறுத்தி, மீண்டும் வளர்ந்ததும் கொடுத்து, இவ்வாறு சுற்றுச்சுற்றாகச் செய்தபோது, இரண்டு முதல் ஆறு சுற்றுகளுக்குப் பின் கட்டிகள் மருந்தின்றியே உறங்கிவிட்டன.

முதற்குறை: பொறுக்கியெடுத்த கட்டி

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது, தேர்ந்தெடுத்த கட்டி. கிளைகளை அடக்கும் இயல்புடைய ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தே இச்சோதனை செய்யப்பட்டது. அடக்கும் பொருள் எது என்று தேடுவதற்கு இது சரியான வழி. ஆனால் புற்றுக்கட்டிகள் பொதுவாகவே தம் கிளைகளை அடக்குகின்றன என்று கூறுவதற்கு இச்சோதனை போதாது. மனிதரிடம் முதற்கட்டி இருக்கும்போதே கிளைக்கட்டிகள் பெரிதாக வளர்ந்து நிற்பதை ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையிலும் காணலாம். அங்கெல்லாம் தடைப்பொருள் என்ன செய்துகொண்டிருக்கிறது? ஓர் எலிக் கட்டியின் பண்பு, புற்றின் பொது விதியாகப் படிக்கப்பட்டதே இக்கொள்கை கண்ட முதல் வழுக்கல்.

இயற்கையே செய்து காட்டிய ஒரு சோதனையை ஃபோக்மன் தரப்பினர் சான்றாகக் காட்டுவர். 18ஆம் வகைக் கொலாஜனுக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. டௌன் நோய்க்குறி உடையோருக்கு அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று உண்டு. அவர்கள் இரத்தத்தில் எண்டோஸ்டாட்டின் மிகுதியாக உள்ளது. அவர்களுக்குத் திண்மக் கட்டிகளாக வரும் புற்றுகள் மற்றவர்களைவிடக் குறைவு. கவர்ச்சியான சான்றுதான். ஆயின் அக்குரோமோசோமில் இருப்பது ஒரு மரபணு அன்று. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் வேறொரு மரபணுவும் அதிலேயே இருப்பதாக 2009இல் காட்டப்பட்டது. மேலும் அதே மக்களிடம் இளமையில் இரத்தப் புற்று மிகுதி. எனவே இச்சான்று கொள்கையோடு ஒத்துப் போகிறது எனலாமேயன்றி அதனை மெய்ப்பிக்கிறது எனல் இயலாது.

இரண்டாம் குறை: வேறு விளக்கங்கள்

ஒரு நிகழ்ச்சியை ஒரு பொருள் விளக்குகிறது என்பதால் அப்பொருள் ஒன்றே காரணம் ஆகிவிடாது. கட்டியை அகற்றியபின் கிளைகள் வளர்வதற்கு வேறு இரு விளக்கங்களும் உள்ளன.

ஒன்று, அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷருடையது. கட்டி அகற்றப்பட்ட எலிகளின் இரத்த ஊநீரில் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு காரணி தோன்றுகிறது என்று அவர் குழுவினர் 1989இல் அறிவித்தனர். அதாவது, தடுப்பது போய்விடுவதால் அன்று, தூண்டுவது வந்துவிடுவதால் கிளைகள் வளர்கின்றன.

மற்றொன்று புண் ஆறுதல் பற்றியது. அறுவைக்குப் பின் உடல் காயத்தை ஆற்றுவதற்காகப் பல பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. 2018இல் ராபர்ட் வைன்பெர்க் ஆய்வுக்கூடத்தினர், கட்டியை அகற்றாமல் எலியின் உடலில் வேறோர் இடத்தில் காயம் உண்டாக்கியே, அதுவரை உடலின் தற்காப்பு அணுக்களால் அடக்கி வைக்கப்பட்டிருந்த புற்று வளரத் தொடங்குவதைக் காட்டினர். அழற்சியைக் குறைக்கும் மருந்தை அறுவையையொட்டிக் கொடுத்தபோது இவ்விளைவு குறைந்தது. கட்டி அகற்றப்படாத நிலையிலும் இது நேர்கிறது என்றால், முதற்கட்டி தரும் தடைப்பொருளின் இழப்பு என்ற விளக்கம் இங்குப் பொருந்தாது.

நுனி கிள்ளிய செடிக்கு இப்போது திரும்புவோம். 2014இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பட்டாணிச் செடியில் நடத்திய ஆய்வு, நுனியைக் கிள்ளியதும் பக்க மொட்டுகளை முதலில் எழுப்புவது ஆக்சின் குறைவு அன்று, நுனி உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுகளுக்குக் கிடைப்பதே என்று காட்டியது. ஆக்சினுக்கு உள்ள பங்கு பின்னரே வருகிறது. எலிக் கட்டி பற்றி ஏர்லிஷ் 1906இல் கூறிய பட்டினி விளக்கத்தின் சாயல் இதில் தெரிகிறது அல்லவா? பாடநூலில் இடம்பெற்றுவிட்ட விளக்கமும் மறுஆய்வுக்கு உரியதே. தடைப்பொருள், தூண்டுபொருள், உணவுப் பங்கீடு ஆகிய மூன்றும் ஒரே உடலில் ஒருங்கே நடைபெறலாம். இவற்றுள் எது எவ்வளவு என்று அளந்து சொல்வதே அறிவியல்.

மனிதரிடம் கேட்ட வினா

எலியில் கண்டதை மனிதரிடம் சோதிப்பது எப்படி? நோய் ஏற்கெனவே பரவிவிட்ட நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் முதற்கட்டியை அகற்றிப் பார்க்கலாம். இத்தகைய முதன்மையான சோதனை ஒன்று நம் நாட்டிலேயே, மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் நடைபெற்றது. நோய் கண்டறியப்பட்டபோதே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்த 350 மார்பகப் புற்று நோயாளர்கள் 2005 முதல் 2013 வரை இதில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2015இல் வெளியாயின. மார்பகக் கட்டிக்கு அறுவையும் கதிர்வீச்சும் பெற்றோரின் நடு வாழ்காலம் 19.2 மாதங்கள், பெறாதோருடையது 20.5 மாதங்கள். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. மார்பிலேயே நோய் முற்றுவது அறுவையால் நன்கு தடுக்கப்பட்டது. ஆயின் தொலைவிலுள்ள உறுப்புகளில் நோய் முற்றும் வேகம் அறுவை பெற்றோரிடம் ஏறத்தாழ 1.4 மடங்காக இருந்தது.

கடைசி எண்ணைக் கண்டதும் “ஃபோக்மன் சொன்னது சரிதான்” என்று கூறத் தோன்றும். பொறுத்திருக்க வேண்டும். அச்சோதனையின் தலையாய வினா வாழ்காலம் பற்றியது. அதில் வேறுபாடு இல்லை. தொலைவிலுள்ள கிளைகள் விரைந்து வளர்ந்தமைக்குத் தடைப்பொருளின் இழப்புத்தான் காரணமா, புண் ஆற்றும் பொருள்கள் காரணமா என்பதை அந்த எண் சொல்லாது. மேலும் 2018இல் வெளியான துருக்கி நாட்டுச் சோதனையில் அறுவை பெற்றோரே நீண்ட நாள் வாழ்ந்தனர். ஆனால் அங்கு இரு பிரிவினரும் நோயின் தன்மையில் சமமாக அமையவில்லை என்ற குறை உண்டு. 2022இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் வாழ்காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

சிறுநீரகப் புற்றில் நிலைமை வேறு. 2001இல் வெளியான ஒரு சோதனையில், நோய் பரவிய பின்னும் கட்டியுள்ள சிறுநீரகத்தை அகற்றி இன்டர்ஃபெரான் மருந்து கொடுத்தோர் 11.1 மாதங்களும், மருந்து மட்டும் பெற்றோர் 8.1 மாதங்களும் வாழ்ந்தனர் என்று நடு அளவுகள் காட்டின. கொள்கையின்படி இவர்கள் விரைவில் இறந்திருக்க வேண்டும். மாறாகச் சற்று நீடித்து வாழ்ந்தனர். ஆக, முதற்கட்டி கிளைகளை அடக்குகிறது என்பது மனிதரிடம் பொது விதியாக வெளிப்படவில்லை.

மூன்றாம் குறை: தடைப்பொருளே மருந்தாகுமா?

எலியில் அற்புதம் நிகழ்த்திய எண்டோஸ்டாட்டின் 1999இல் மனிதரிடம் சோதனைக்கு வந்தது. அது தீங்கற்றது என்பது தெரிந்தது. கட்டிகள் சுருங்கியதுதான் தெரியவில்லை. 2006இல் வெளியான ஒரு சோதனையில் ஒருவகை நரம்புச் சுரப்பிக் கட்டி உடைய 40 பேரைப் படம் எடுத்து ஆராய்ந்தபோது, ஒருவருக்கேனும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கவில்லை. சீன நாட்டில் மட்டும் சிறிது மாற்றியமைத்த எண்டோஸ்டாட்டினை, பிற மருந்துகளோடு சேர்த்து நுரையீரல் புற்றுக்குக் கொடுக்க 2005இல் இசைவு அளிக்கப்பட்டது.

ஃபோக்மனின் மூலக் கருத்து வேறு வழியில் பயன் தந்தது. தடுக்கும் பொருளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, இரத்தத்தில் உலவும் தூண்டுபொருளைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்னும் எதிர்ப்புரதம் 2004இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. பரவிய பெருங்குடல் புற்றில் நடு வாழ்காலம் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. இது மெய்யான பயன், குணப்படுத்தல் அன்று. மார்பகப் புற்றுக்கு 2008இல் அங்கு அளித்த இசைவு 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

கொள்கைக்கு உண்மையான தேர்வு இனித்தான் வந்தது. முதற்கட்டியை அகற்றியவுடன், கிளைகள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாக இருக்கும்போதே, குழாய் வளர்ச்சியைத் தடுத்துவிட்டால் அவை உறக்கத்திலேயே இருந்துவிட வேண்டுமல்லவா? 2,600க்கும் மேற்பட்ட பெருங்குடல் புற்று நோயாளர்களிடம் இது சோதிக்கப்பட்டு 2011இல் முடிவு வெளியாயிற்று. மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர், பெவாசிசுமாப் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 77.4, பெறாதோரில் 75.5. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. 2012இல் வெளியான மற்றொரு பெருஞ்சோதனையும் பயன் காட்டவில்லை. தீங்கு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தையே எழுப்பியது.

ஏன் இவ்வாறு? எலிகளில் செய்த ஆய்வுகள் ஒரு குறிப்புத் தருகின்றன. 2009இல் இரு குழுவினர் தனித்தனியே அறிவித்தபடி, இரத்தக் குழாய்கள் அடைக்கப்பட்டு ஆக்சிஜன் குன்றிய நிலையில் சில கட்டிகள் முன்னிலும் மூர்க்கமாகச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊடுருவுகின்றன. பட்டினி போட்டால் படுத்துவிடும் என்று எண்ணியது, பிழைக்கும் வழி தேடி வேறிடம் புறப்பட்டுவிடுகிறது. அன்றியும் மூளை, நுரையீரல் போன்ற உறுப்புகளில் கட்டிகள் புதுக் குழாய்களை வருவிக்காமல், அங்கு ஏற்கெனவே உள்ள குழாய்களைத் தழுவியே வளர வல்லவை. கால்வாய் வெட்டாமலே ஆற்றோரம் குடியேறும் இத்தகைய கட்டிகளுக்கு, கால்வாயை அடைக்கும் மருந்தால் என்ன ஆகும்?

செய்தித்தாள் செய்த தீங்கு

இக்கொள்கையின் வரலாற்றில் 1998ஆம் ஆண்டு மே 3ஆம் நாளை விட்டுவிட முடியாது. அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கத்தில் எலிச் சோதனைகள் பற்றிய ஒரு செய்தி வெளியாயிற்று. ஃபோக்மன் இரண்டு ஆண்டுகளில் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்ற பொருள்பட நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன் கூறியதாக அதில் இருந்தது. தாம் அவ்வாறு கூறவில்லை என்று வாட்சன் பின்னர் மறுத்தார். அதற்குள் உலகெங்கும் செய்தி பரவிவிட்டது. மருந்து உரிமை பெற்றிருந்த என்ட்ரிமெட் நிறுவனத்தின் பங்கு, வெள்ளியன்று ஏறத்தாழ 12 டாலராக இருந்தது, திங்களன்று காலை 85 டாலரில் தொடங்கி, மாலை 52 டாலர் அளவில் நின்றது.

இதில் விந்தை என்னவென்றால், செய்தியின் உள்ளடக்கத்தில் புதியது எதுவும் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன், 1997 நவம்பரிலேயே அம்முடிவுகள் நேச்சர் இதழில் வெளியாகி, அதே நாளிதழின் உட்பக்கத்திலும் வந்திருந்தன. மாறியது அறிவியல் அன்று, அச்சிட்ட பக்கம். மனிதர் எவருக்கும் ஒரு துளி மருந்தும் கொடுக்கப்படாத அந்நாளில், மருந்து கேட்டு நோயாளர்களின் குடும்பத்தினர் பாஸ்டனுக்கு ஓயாமல் தொலைபேசியில் அழைத்தனர்.

ஃபோக்மன் தம் அளவில் எச்சரிக்கையாகவே பேசியவர். புற்றுநோய் கண்ட எலியாக நீங்கள் இருந்தால் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள எங்களால் முடியும் என்ற பொருளில் அவர் கூறியது பலரும் அறிந்ததே. அந்த ஒரு வாக்கியத்தைச் செய்தியின் முதல் வரியாகப் போட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் ஏமாற்றத்திலிருந்து தப்பியிருக்கும். அவ்வாண்டின் இறுதியில், அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தாரால் எண்டோஸ்டாட்டின் முடிவுகளைத் தம் இடத்தில் மீண்டும் பெற இயலவில்லை என்ற செய்தி வந்தது. அடுத்த ஆண்டு ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்தபோது பலன் கிடைத்தது. மோசடி ஏதும் இல்லை. எளிதில் கெட்டுவிடும் புரதம் அது. ஆயினும் இடம் மாறினால் நிலைகுலையும் ஒரு முடிவை, உலகத்திற்கான மருந்தாக முழங்கியது எவ்வளவு அவசரம் என்பது அப்போதுதான் பலருக்கும் புலப்பட்டது.

எது நின்றது?

நம் மதிப்பீட்டைத் தொகுத்துக் கூறலாம். கட்டி வளர இரத்தக் குழாய்கள் தேவை என்பது நின்றது. முதற்கட்டியைச் சார்ந்து இரத்தத்தில் உலவும் ஒரு மூலக்கூறு தொலைவிலுள்ள கிளைகளின் வளர்ச்சியை மாற்றக்கூடும் என்பது எலியில் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது, அதுவும் நின்றது. மனிதப் புற்றுகளில் இது பொது விதி என்பது நிற்கவில்லை. ஒரே ஒரு தடைப்பொருளைக் கொடுத்துக் கிளைகளை உறங்கவைக்கலாம் என்பதும் நிற்கவில்லை. இரத்தத்தில் இப்போது தேடப்படுவது ஒரு தனிப் பொருளை அன்று. கட்டியிலிருந்து பிரியும் நுண்பைகள், புண் ஆற்றும் புரதங்கள், தட்டணுக்கள் வெளியிடும் பொருள்கள், தற்காப்பு அணுக்களின் தூதுப் பொருள்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே பார்க்க ஆராய்ச்சியாளர்கள் முயல்கின்றனர். அந்தத் தேடலுக்கு முதல் வழி காட்டியவர்களுள் ஒருவர் என்ற பெருமை ஃபோக்மனுக்கு என்றும் உண்டு.

தொடக்கத்தில் கூறிய அச்சத்திற்கு இதில் விடை உண்டா? உண்டு. மும்பைச் சோதனையும் மற்றவையும் நோய் ஏற்கெனவே பரவிவிட்டவர்களைப் பற்றியவை. கட்டி ஓரிடத்தில் மட்டும் இருக்கும் தொடக்க நிலைக்கு அவை சிறிதும் பொருந்தா. அந்நிலையில் மார்பகம், பெருங்குடல், வாய் போன்ற இடங்களில் தோன்றும் திண்மக் கட்டிகளுக்கு அறுவையே இன்றும் முதன்மையான சிகிச்சை. முதற்கட்டி கிளைகளை அடக்குகிறது என்று வாதத்திற்காக ஒப்புக்கொண்டாலும், அதை விட்டுவைத்தால் அதுவே நாள்தோறும் இரத்தத்தில் புதிய விதைகளைத் தூவிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கலாகாது. நுனி மொட்டை விட்டுவைத்தால் பக்க மொட்டு அடங்கியிருக்கலாம். செடி வளராமல் இருப்பதில்லை.

அறுவைக்குப் பின் சிலருக்கு நோய் விரைந்து வளர்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. நோய் முன்பே பரவியிருந்து, அந்நாளைய கருவிகளுக்குப் புலப்படாமல் போயிருக்கலாம். அரிதாகச் சிலரிடம் அறுவையும் அதை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆயின் அதற்கு மருந்து, அறுவையைத் தவிர்ப்பது அன்று. நோய் எதுவரை சென்றுள்ளது என்பதை முன்னரே நன்கு ஆராய்வதும், தேவையானவர்களுக்கு மருந்துச் சிகிச்சையை உரிய வரிசையில் சேர்ப்பதுமே அதற்கு வழி. உங்கள் வீட்டில் எவரேனும் “கத்தி பட்டால் பரவும்” என்று தயங்கினால் அவரை இகழாதீர்கள். நோய் எந்நிலையில் உள்ளது, பரவியுள்ளதா, அறுவையால் கிடைக்கும் பயன் என்ன என்று மருத்துவரிடம் கேட்டு, நாள் கடத்தாமல் முடிவு செய்ய அவருக்குத் துணை நில்லுங்கள்.